விஜேந்திரன் தேடிப்போன விவாகரத்து

தன் பெண்டாட்டி தன்னை விவாகரத்து செய்துவிட்டாளா இல்லையா என்று தெரிந்துகொள்ள, கடையில் சீனி விலை விசாரிக்கிற மாதிரி கோர்ட்டுக்குப் போய் விசாரித்துவிட்டு வந்த ஆம்பிளையை நீங்கள் எங்கேயாவது பார்த்திருக்கிறீர்களா? பார்த்ததில்லை என்றால், ஹல்துமுல்லைக்கும் பெரகலைக்கும் நடுவில் பஸ்ஸை நிறுத்தி இறங்குங்கள். எங்கள் தேயிலைத் தோட்டத்து மேல்கணக்கு லயத்து வரிசை வீடுகளுக்கு ஏறி வந்து, "செயலாளர் வீடு எது?" என்று கேளுங்கள். யாரைக் கேட்டாலும் காட்டுவார்கள். சிரித்துக்கொண்டே காட்டுவார்கள்.

செயலாளர் என்பது விஜேந்திரன். பகலில் அவன் கொழுந்து லொறி டிரைவர். மிச்ச நேரமெல்லாம் மரண உதவிச் சங்கத்துச் செயலாளர். யாராவது செத்தால் பந்தல், உட்காரக் கதிரை, குடிக்கத் தேத்தண்ணி எல்லாம் அவன் பொறுப்பு. சட்டைப் பையில் எந்நேரமும் ஒரு பேனா குத்தியிருக்கும். குளிக்கப் போகும்போது சட்டையைக் கழற்றினால் பேனாவைக் காதில் செருகிக்கொள்வான். கூட்டத்தில் எழுந்தால் பேச்சு ஒன்றுதான்.

"பத்திரம் வேணும்! பொறந்த பத்திரம் வேணும், செத்த பத்திரம் வேணும். பத்திரம் இல்லாதவன் பாதி மனுசன்!"

அப்படிப்பட்டவனிடம் ஒரு பத்திரம் இல்லை. கல்யாணப் பத்திரம்.

குற்றம் அவன் மேல் மட்டும் இல்லை, மழை மேலும் உண்டு. ஏழு வருசத்துக்கு முன்னால் மாரியம்மன் கோயிலில் ஜீவராணிக்குத் தாலி கட்டினான். பதிவுகாரர் பத்து மணிக்கு வருவதாக இருந்தது. அன்றைக்குப் பார்த்து ரோட்டில் மண் சரிந்து விழுந்தது. பதிவுகாரர் புத்தகத்தோடு மண்ணுக்கு அந்தப் பக்கம். மாப்பிள்ளை மாலையோடு மண்ணுக்கு இந்தப் பக்கம். "தாலி ஏறியாச்சுல்ல, பதிவைத் திங்கக்கிழமை பார்த்துக்கலாம்" என்று பெரியவர்கள் சொன்னார்கள். மண்ணை அள்ளி, ரோட்டைத் திறந்து, அந்த ரோட்டில் ஏழு வருசம் பஸ் ஓடியும் ஆகிவிட்டது. அந்தத் திங்கட்கிழமை மட்டும் வரவில்லை. தோட்டத்தில் இது ஒன்றும் அதிசயம் இல்லை. கழுத்தில் தாலி கிடக்கிறது, இடுப்பில் பிள்ளை உட்கார்ந்திருக்கிறது. பத்திரத்தை யார் கேட்கப்போகிறார்கள்?

இந்த வருசம் கேட்டுவிட்டார்கள்.

லயத்துக்குக் கீழே, வீட்டுக்கு ஏழு பேர்ச் காணி அளந்து, புது வீடுகள் கட்டுகிறார்கள். வீடு இருபது. கேட்கிற குடும்பம் முப்பத்தெட்டு. விண்ணப்பத்தோடு கல்யாணப் பத்திரமும் சேர்த்துக் கொடுக்க வேண்டும், காணி உறுதிப் பத்திரத்தில் புருசன் பேரும் பெண்டாட்டி பேரும் ஏறும், அடுத்த மாசக் கடைசியோடு பட்டியல் மூடிவிடும் என்று அறிவித்தல் ஒட்டினார்கள்.

ஜீவராணி அந்த அறிவித்தலை மூன்று தரம் படித்தாள். லயத்தில் அவர்கள் குடியிருந்த காம்பராவில் கூரை மூன்று இடத்தில் ஒழுகியது. ஒரு ஒழுக்குக்கு வாளி, ஒரு ஒழுக்குக்கு அண்டா, மூன்றாவது ஒழுக்கு நேராக மகள் விதுஷாவின் தலைமாட்டில். ஆறு வயசுப் பிள்ளை குடை பிடித்துக்கொண்டு தூங்கப் பழகியிருந்தது.

"என்னாங்க, திங்கக்கிழமை பதிவுகாரரைப் போய்ப் பார்ப்போமா?"

"திங்கக்கிழமை சங்கத்துக் கதிரைய எண்ணணும்."

"செவ்வாக்கிழமை?"

"எண்ணின கதிரைய அடுக்கணும்."

"புதங்கிழமை?"

"புதங்கிழமை யாராச்சும் சாவலாம். ஒரு செயலாளர் முன்கூட்டியே எப்பிடிச் சொல்றது?"

ஜீவராணி தோட்டத்துப் பிள்ளைமடுவத்தில் வேலை செய்கிறாள். தாய்மார் கொழுந்து பறிக்கப் போனதும் முப்பது பிள்ளைகளை அவள்தான் பார்த்துக்கொள்வாள். முப்பது பிள்ளைகளையும் ஒரே நேரத்தில் தூங்க வைத்துவிடுவாள். ஒரு புருசனை எழுப்ப முடியவில்லை.

கதிரையும் காரணம் இல்லை, சாவும் காரணம் இல்லை என்பது அவளுக்குத் தெரியும். காரணம் அந்த நோட்டீஸ். பதிவுக்கு முன்னால் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். அதை எல்லாரும் பார்க்கிற பலகையில் ஒட்டுவார்கள். பேர், வயசு, தொழில், அதற்குப் பக்கத்தில் 'மணமாகாதவர்' என்று இருக்கும். விஜேந்திரன் கண்ணை மூடினால் அந்தப் பலகைதான் வந்து நின்றது. விஜேந்திரன், வயசு முப்பத்தாறு, சாரதி, மணமாகாதவர். ஊர் முழுக்கப் பத்திரம் கேட்டுத் திரிந்த செயலாளர்! கூரை ஒழுகினால் வாளி வைக்கலாம். மானம் ஒழுகினால் எதை வைப்பது?

"தோட்டத்துத் துரைகிட்ட ஒரு வார்த்தை சொன்னாப் போதும், ராணி. பத்திரம் இல்லாமலே பேரைப் போட்டுருவாங்க. என்னைய யாருன்னு நெனச்ச?"

"யாருன்னு நெனைக்கிறதுன்னுதாங்க எனக்கும் தெரியல" என்றாள் ஜீவராணி. அதற்குப் பிறகு அவள் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. அங்கேயே அவன் பயந்திருக்க வேண்டும். பிள்ளைமடுவத்தில் சத்தம் நின்றுவிட்டால் ஏதோ நடக்கிறது என்று தாய்மாருக்குத் தெரியும். புருசன்மாருக்குத் தெரியாது.

ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் அவள் லீவு போட்டாள். திருவிழாவுக்கு மட்டும் எடுக்கிற நீலச் சேலையை உடுத்தினாள்.

"எங்க புள்ள கிளம்பிட்ட?"

"பதுளைக்கு."

"பதுளைக்கு எதுக்கு?"

"கோர்ட்டுக்கு."

"கோர்ட்டுக்கா?"

"ஒரு விசயம் விசாரிக்கணும். சோறு அடுப்புல இருக்கு. கருவாட்டப் பூனை தூக்காமப் பார்த்துக்கங்க."

போய்விட்டாள். விஜேந்திரன் கருவாட்டைப் பார்த்தான். கருவாடு அவனைப் பார்த்தது. வெளியே வந்தால், அடுத்த காம்பரா விஜயலெட்சுமி வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

"ராணி போயிட்டாளாண்ணே?"

"போயிட்டா. உனக்கு ஏதாச்சும் சொன்னாளா?"

"என்கிட்ட ஒண்ணும் கேக்காதீங்க. வாயத் தொறக்க மாட்டேன்னு சத்தியம் பண்ணியிருக்கேன்."

"எதப் பத்தி?"

"அதச் சொன்னா வாயத் தொறந்த மாதிரி ஆயிருமேண்ணே."

அன்றைக்கு அவன் லொறியை இரண்டு தரம் கொழுந்து நிறுக்கிற மடுவத்தைத் தாண்டி ஓட்டிக்கொண்டு போனான். பின்னால் சாக்குகளோடு நின்ற பெண்கள் கத்தித்தான் நிறுத்தினார்கள்.

பின்னேரம் ஜீவராணி வந்தாள். முகத்தில் அப்படி ஒரு தெளிவு. விதுஷாவுக்குத் தின்னப் பணிஸ் வாங்கி வந்திருந்தாள்.

"கோர்ட்டுல என்ன விசாரிச்ச?" என்று கேட்டான், ஏதோ கத்தரிக்காயைப் பற்றிக் கேட்கிற மாதிரி.

"எல்லாம் விசாரிச்சேன்."

"என்ன சொன்னாங்க?"

"நெனச்சத விட லேசாம்."

அவன் சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்தான். அவள் எழுந்து போய்ச் சட்டி பானைகளை எல்லாம் இறக்கி, இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம் என்று பிரித்து வைக்க ஆரம்பித்தாள்.

"இந்த அண்டா உங்க அம்மா குடுத்ததா, எங்க அம்மா குடுத்ததா?"

"எ... எதுக்குக் கேக்குற?"

"சும்மாதான். எது எங்க போகணும்னு ஒரு கணக்கு வேணும்ல."

விஜேந்திரனுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. மெய்யாகவே விளங்கவில்லை, ஆனால் விளங்கிவிட்டதாக அவன் நினைத்தான். நீலச் சேலை, கோர்ட்டு, லேசு, அண்டா. பெண்டாட்டி விவாகரத்து போட்டுவிட்டாள்! கதிரை எண்ணியது போதும் என்று முடிவு கட்டிவிட்டாள்!

நேரே கேட்டால் என்ன? கேட்கலாம். கேட்டு, அவள் "ஆமாங்க" என்று சொல்லிவிட்டால்? லொறியில் எத்தனையோ பள்ளத்தைப் பார்த்தவன்தான். அந்தப் பள்ளத்தை மட்டும் எட்டிப்பார்க்க அவனுக்குத் தைரியம் இல்லை. அதனால் ஒரு பெரிய தீர்மானம் எடுத்தான். ஒரு செயலாளர் வாயால் கேட்க மாட்டான், பதிவைப் பார்ப்பான். வழக்கு என்று ஒன்று போட்டால் கோர்ட்டுப் புத்தகத்தில் ஏறித்தான் ஆக வேண்டும். கோர்ட்டுப் புத்தகம் பொதுவான புத்தகம். போய்ப் பார்த்துவிட்டால் தீர்ந்தது.

"வியாழக்கிழமை லொறிக்கு பிரேக் சாமான் வாங்க பதுளைக்குப் போறேன்" என்றான்.

"போயிட்டு வாங்க" என்றாள் ஜீவராணி. "நல்ல சட்டையாப் போட்டுக்கிட்டுப் போங்க."

பிரேக் சாமான் வாங்க நல்ல சட்டை எதற்கு என்று அவன் யோசிக்கவில்லை. கட்டம் போட்ட மஞ்சள் சட்டையைப் போட்டுக்கொண்டு போனான்.

பதுளையில் இறங்கிக் கோர்ட்டு வாசல் வரைக்கும் போனவன் உள்ளே நுழையாமல் திரும்பினான். எதிரில் ஒரு கொமினிகேசன் கடை. போட்டோ கொப்பி, கம்பியூட்டர் எல்லாம் இருந்தது. முக்காடு போட்ட ஒரு பெண் பிள்ளை உட்கார்ந்திருந்தாள். ஜெனீரா என்று மேசையில் பேர் எழுதியிருந்தது. கோர்ட்டுக்குள் போகாமலே காரியம் முடிந்தால் நல்லதுதானே?

"தங்கச்சி, விவாகரத்து ஆனவங்க பேரெல்லாம் கம்பியூட்டர்ல வருமாமே?"

"ஆருக்குப் பார்க்கணும் அண்ணா?"

"ஒரு கூட்டாளிக்கு."

"கூட்டாளிட பேர் என்ன?"

"விஜேந்திரன்."

"உங்கட பேர்?"

வாயில் அப்பா பேர்தான் வந்தது. "மாடசாமி."

ஜெனீரா தட்டினாள். உலகத்து விவாகரத்தை எல்லாம் ஒரே இடத்தில் காட்டுவோம் என்று ஒரு இங்கிலீஸ் பக்கம் திறந்தது. வட்டம் சுற்றியது. அவன் நெஞ்சும் கூடவே சுற்றியது. கடைசியில் ஒரு விஜேந்திரன் வந்தார்.

"ஈக்கிறார் அண்ணா! வயசு அறுபத்தொண்டு. ஊர் அமெரிக்கா. மூணு விவாகரத்து. இவர்தானா உங்கட கூட்டாளி?"

"மூணா?" விஜேந்திரன் குனிந்து பார்த்தான். ஒன்றுக்கே இங்கே ஒரு மனுசன் சோறு இறங்காமல் கிடக்கிறான். "இவரு இல்ல தங்கச்சி. நம்ம ஆளு பக்கத்து ஊரு."

"அப்பிடியெண்டா இதுல வராது. வந்தாலும் முதல்ல டொலர்ல காசு கட்டச் சொல்லுவான், பிறகு அடுத்த வீட்டுக்காரண்ட விவாகரத்தைக் காட்டுவான். நேரா கோர்ட்டுலயே கேளுங்க. வாசல்ல மரத்தடியில இப்றாஹீம் நானா எண்டு ஒருத்தர் ஈப்பார், லோயர் ஒருத்தர்ட கிளாக். அவர்ட்ட சொன்னா உள்ளுக்குப் போய்ப் பார்த்துச் சொல்லுவார்."

நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தான். பின்னால் சத்தம் கேட்டது.

"மாடசாமி அண்ணா! உங்கட கூட்டாளி விஜேந்திரண்ட ஐடென்டிக் காட்டை மேசையில வச்சிட்டுப் போறீங்க!"

இப்றாஹீம் நானா மரத்தடியில் ஒரு சின்ன மேசை போட்டு உட்கார்ந்திருந்தார். வெள்ளைத் தாடி, தடித்த கண்ணாடி.

"வாங்க தம்பி, இரிங்க. என்ன விசயம்?"

"ஒரு விவாகரத்து வழக்கு இருக்கா இல்லையான்னு பார்க்கணும்."

"வழக்கு நம்பர்?"

"தெரியாது."

"எந்த வருசம்?"

"இந்த வாரம்."

"வழக்காளி ஆரு?"

"ஜீவராணி."

"எதிராளி?"

"விஜேந்திரன்."

"நீங்க அந்த விஜேந்திரனுக்கு என்ன வேணும்?"

"ரொம்ப நெருக்கம்."

"எவ்வளவு நெருக்கம்?"

விஜேந்திரன் தரையைப் பார்த்தான். "ஒரே சட்டை."

இப்றாஹீம் நானா சிரிக்கவில்லை. தாடியை மட்டும் தடவிக்கொண்டார். ஒரு விண்ணப்பத்தை நிரப்பி, முத்திரை ஒட்டி, உள்ளே போனார்.

விஜேந்திரன் ஒரு மர வாங்கில் உட்கார்ந்து காத்திருந்தான். பக்கத்தில் ஒரு ஆள் தலையணை மாதிரி ஒரு பைல் கட்டை மடியில் வைத்திருந்தான். பேர் ரமேஸ் என்றான். விவாகரத்துக்கு வந்து அஞ்சு வருசம் ஆகிறதாம்.

"உங்க வழக்குக்கு இது எத்தனையாவது தவணைண்ணே?" என்று கேட்டான்.

"எனக்கு வழக்கு இருக்கான்னே இனிமேத்தான் தெரியும்."

"குடுத்து வச்சவரு. நானும் அவளும் அஞ்சு வருசமா ஒரே பஸ்ல வாறோம், ஒரே பஸ்ல போறோம். போன தவணைக்கு எனக்கு சில்லறை இல்லன்னு அவதான் டிக்கட் எடுத்தா. விட்டுட்டுப் போகணும்னு நெனச்சாலும் கோர்ட்டு லேசுல விடாதுண்ணே. பத்திரத்துல கையெழுத்து வச்சாச்சுன்னா முடிச்சு அப்பிடி!"

விஜேந்திரனுக்குப் பாதி உயிர் வந்தது. நல்ல கோர்ட்டு! அஞ்சு வருசம் இழுக்கட்டும், பத்து வருசம் இழுக்கட்டும். அதற்குள் கதிரை எல்லாவற்றையும் யாருக்காவது கொடுத்துவிட்டு, ராணி சொன்னபடி கேட்டுக்கொண்டு இருந்துவிடலாம்.

இப்றாஹீம் நானா வந்தார்.

"அப்பிடி ஒரு வழக்கு இல்ல தம்பி."

மிச்ச உயிரும் வந்தது. எழுந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டான்.

"இரிங்க, இரிங்க. கல்யாணப் பத்திரத்துட நம்பரத் தாங்க. அதையும் வச்சி ஒருக்கா சுத்தமாப் பார்த்துருவோம்."

"பத்திரம்... இல்லீங்க நானா."

"தொலஞ்சிட்டா?"

"தொலையிறதுக்கு எடுக்கவே இல்ல."

இப்றாஹீம் நானா கண்ணாடியைக் கழற்றினார். ஊதினார். சாரத்து நுனியால் துடைத்தார். திரும்ப மாட்டிக்கொண்டு அவனை மேலும் கீழும் பார்த்தார்.

"அப்ப எந்தக் கல்யாணத்த தம்பி கோர்ட்டு பிரிச்சி உடுறது?"

"அப்ப அவளால என்னைய விவாகரத்து பண்ண ஏலாதா?"

"தேடி எடுக்க ஒரு நம்பரே இல்லியே."

"அப்பாடா!"

"ஆனா அவவுக்குத் தேவையும் இல்லியே. வழக்கு வாணாம், தவணை வாணாம், லோயர் வாணாம். விடியப்பொறம் பெட்டியத் தூக்கிட்டு முதல் பஸ்ல ஏறினாச் சரி. அந்தா ஈக்கிற மனிசன்ட பெண்சாதி போறதெண்டா கோர்ட்டைக் கேக்கணும். உங்கட பெண்சாதி கொண்டக்டரைக் கேட்டாப் போதும்."

"தாலி கட்டியிருக்கேனே நானா! கோயில்ல, ஊரறிய!"

"அது கல்யாணம்தான், நான் இல்லயெண்டு சொல்லல்ல. ஆனா அதை ஒரு இடத்துல நிரூபிக்கணுமெண்டா சாட்சி வேணும். தாலி எடுத்துக் குடுத்த பூசாரி எங்க?"

"செத்துட்டாரு. பந்தல் போட்டதே நான்தான்."

"மேளக்காரர்?"

"அவருக்கும் நான்தான் பந்தல் போட்டேன்."

"பாருங்க தம்பி, உங்கட சாட்சி எல்லாத்தையும் நீங்களே அனுப்பி வச்சிட்டீங்க." இப்றாஹீம் நானா அவன் தோளைத் தட்டினார். "அந்த ஆறு வயசுப் பொம்பளப் புள்ளய நெனச்சாவது கெதியாப் பதிஞ்சிருங்க. எனக்கு ஒண்ணும் தர வாணாம். போங்க."

பஸ் வளைந்து வளைந்து போனது. எதிரே வந்த ஒவ்வொரு பஸ்ஸிலும் நீலச் சேலை தெரிந்தது. தோட்டத்துப் பாதையை அவன் நடந்து ஏறவில்லை, ஓடி ஏறினான். காம்பராவுக்குள் நுழைந்தான். கட்டில் மேல் பெட்டி. திறந்த பெட்டி. ஜீவராணி துணிகளை மடித்து மடித்து உள்ளே வைத்துக்கொண்டிருந்தாள்.

"ராணி! பெட்டி எதுக்கு?"

"ஒழுகுதுல்ல. துணியெல்லாம் நனையுது."

அந்தப் பதில் அவன் காதில் ஏறவில்லை, கண்ணில் நின்றது பெட்டி மட்டும்தான். மூச்சு வாங்க, வாசல்படியைப் பிடித்துக்கொண்டு கத்தினான்.

"நம்ம ரெண்டு பேரும் கல்யாணம் பண்ணிக்குவோம்!"

ஜீவராணி ஒரு சட்டையை உதறினாள்.

"யாரோட?"

"என்னோடதான்!"

"எதுக்கு இவ்வளவு அவசரம்? ஏழு வருசந்தானே ஆகுது. இன்னும் கொஞ்ச நாள் பழகிப் பார்ப்போமே."

"வெளையாடாத புள்ள. நாளைக்கே நோட்டீஸ் குடுத்துருவோம்."

"நாளைக்குக் கதிரை எண்ண வேண்டாமா?"

"கதிரை கெடக்கட்டும்!"

"யாராச்சும் செத்துட்டா?"

"பதிவு முடியிற வரைக்கும் யாரும் சாவக் கூடாதுன்னு சங்கத்துல தீர்மானம் போடுறேன்!"

அவள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். கன்னத்தில் கை வைத்து யோசித்தாள். சம்மதிக்கவா வேண்டாமா என்று பெண் பார்க்க வந்த வீட்டில் யோசிக்கிற மாதிரி யோசித்தாள்.

"எனக்குச் சில விசயம் தெளிவாகணும். கல்யாணத்துக்கு அப்புறம் காலையில பீலியில தண்ணி யாரு புடிக்கிறது?"

"நான்."

"புள்ளைக்குத் தலை சீவி ஸ்கூலுக்குக் கூட்டிட்டுப் போறது?"

"நான். ரெட்டைச் சடை போடப் பழகிக்கிறேன்."

"நோட்டீஸ்ல உங்களை என்னான்னு எழுதுவாங்க?"

விஜேந்திரன் குரல் இறங்கியது. "மணமாகாதவர்னு."

"கேக்கல."

"மணமாகாதவர்!"

லயத்துச் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து விஜயலெட்சுமி குரல் வந்தது. "இங்க நல்லாவே கேட்டிருச்சுண்ணே!"

நோட்டீஸ் பலகையில் ஏறியது. விஜேந்திரன், வயசு முப்பத்தாறு, சாரதி, மணமாகாதவர். அவன் பயந்தது எல்லாம் நடந்தது. கொழுந்து நிறுக்கிற இடத்தில் கூடையோடு நின்ற பெரியாயி அவனை நிறுத்தி, மலையே கேட்கிற மாதிரிச் சொன்னாள்.

"தம்பி, உனக்கு இன்னும் ஆகலையாமே! நம்ம புள்ளைமடுவத்துல ஒரு நல்ல பொண்ணு இருக்கு, கேட்டுப் பார்க்கவா? என்ன, ஆறு வயசுல ஒரு மக இருக்கு. அனுசரிச்சுக்குவியா?"

கூடைக்காரப் பெண்கள் எல்லாம் சிரித்தார்கள். விஜேந்திரன் லொறிக்குள் ஏறிக் கண்ணாடியை உயர்த்திக்கொண்டான். அந்த லொறிக்குக் கண்ணாடி பாதிதான் ஏறும். மிச்சப் பாதி வழியாகச் சிரிப்பு வந்தது.

ஆனால் ஒரு அதிசயமும் நடந்தது. அந்த வாரம் முடிவதற்குள் ஒன்பது குடும்பத்து ஆம்பிளைகள் ஒவ்வொருவராக வந்து அவன் காதில் கேட்டார்கள். "செயலாளரே, அந்த நோட்டீஸ் எங்க குடுக்கிறது? நமக்கும் அதே கதைதான்." பேரப்பிள்ளை எடுத்தவர் கூட ஒருவர் இருந்தார். பலகையில் மணமாகாதவர்கள் வரிசையாக ஏறினார்கள். சிரித்தவர்கள் எல்லாரும் அதோடு வாயை மூடிக்கொண்டார்கள்.

பதிவு நாளன்று மழை இல்லை, மண் சரியவில்லை. பதிவுகாரர் புத்தகத்தோடு இந்தப் பக்கம்தான் இருந்தார். நீலச் சேலையில் ஜீவராணி, மஞ்சள் சட்டையில் விஜேந்திரன். சாட்சிக்கு விஜயலெட்சுமியும் பெரியாயியும்.

"நீ யாரும்மா?" என்று விதுஷாவைக் கேட்டார் பதிவுகாரர்.

"நான் மாப்பிள்ளையோட மக" என்றாள் விதுஷா. "பொண்ணுக்கும் மகதான்."

கையெழுத்துப் போடப் போனால் செயலாளரின் பேனா எழுதவில்லை. உதறினான், ஊதினான், உள்ளங்கையில் கிறுக்கினான். ஏழு வருசம் சட்டைப் பையில் மினுக்கிக்கொண்டு நின்ற பேனா, தேவையான நேரத்தில் காய்ந்துவிட்டது. ஜீவராணி கைப்பையிலிருந்து ஒரு பேனா எடுத்துக் கொடுத்தாள். இரண்டு பேனா கொண்டு வந்திருந்தாள்.

பத்திரம் கிடைத்தது. பட்டியல் மூடுவதற்கு நாலு நாள் இருக்கும்போது விண்ணப்பமும் போய்ச் சேர்ந்தது. அடுத்த மாசம் பேர்கள் வந்தன. வீட்டு இலக்கம் பதினாலு, விஜேந்திரன், ஜீவராணி. இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில்.

அன்றைக்குப் பின்னேரம் விஜேந்திரன் வாசலில் உட்கார்ந்து, பத்திரத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். நெஞ்சு விம்மியது. இனிமேல் மறைப்பதற்கு என்ன இருக்கிறது? வென்றவன் விட்டுக் கொடுக்கிற மாதிரி எல்லாவற்றையும் அவிழ்த்துவிட்டான்.

"இனி நீ லேசுல போக முடியாது ராணி. போகணும்னா கோர்ட்டுல பேர் ஏறணும், நம்பர் விழணும். நான் போய் ஒரு கிளாக்கைப் புடிச்சு எல்லாம் பார்த்துட்டு வந்துட்டேன். பிரேக் சாமான் வாங்கவா போனேன்னு நெனச்ச? ஆமா, நீ அன்னைக்குக் கோர்ட்டுக்கு எதுக்குப் போன?"

"பதிஞ்சா புள்ளையோட பொறப்புப் பத்திரத்தையும் திருத்தலாமான்னு கேக்கத்தான். லேசுன்னு சொன்னாங்க. நான்தான் அன்னைக்கே சொன்னேனே."

"அப்ப அந்த அண்டா?"

"புது வீட்டுக்கு எதைத் தூக்குறது, எதை இங்கயே போடுறதுன்னு பார்த்தேன்."

"பெட்டி?"

"ஒழுகுச்சுங்க."

எதிலும் ஒரு பொய் இல்லை. விஜேந்திரன் தலையைச் சொறிந்தான்.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"ஒரு வார்த்தை கேட்டிருந்தீங்கன்னா சொல்லியிருப்பேன்."

அவள் உள்ளே போனாள். நல்ல தேயிலையாகப் பார்த்துக் கட்டின ஒரு பொட்டலத்தோடு வந்து அவன் மடியில் வைத்தாள்.

"இது யாருக்கு?"

"இப்றாஹீம் நானாவுக்கு."

விஜேந்திரன் பத்திரத்தைக் கீழே இறக்கினான். ஒரு கிளாக் என்றுதான் சொன்னான். பேரைச் சொல்லவில்லையே? அப்போதுதான் இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. அந்த மரத்தடியில் பிள்ளையைப் பற்றி அவன் வாயே திறக்கவில்லை. ஆறு வயசு என்றும், பெண் பிள்ளை என்றும் அவருக்கு யார் சொன்னது?

"ரொம்ப நெருக்கமான ஆளு ஒருத்தரு தேடிக்கிட்டு வருவாரு, உள்ளதை உள்ளபடி சொல்லி அனுப்புங்க நானான்னு நான்தான் கேட்டுக்கிட்டேன்" என்றாள் ஜீவராணி. "போட்டோ கொப்பிக் கடையில இருக்கிற ஜெனீரா அவரு மகதான், அன்னைக்கே எனக்குப் போன்ல எல்லாம் சொல்லிருச்சு. அதுக்கும் சேர்த்துத்தான் தேயிலை கட்டியிருக்கேன். நாளைக்கே கொண்டுபோய்க் குடுத்துருங்க. அடையாளம் தெரியணும், போறப்ப அதே மஞ்சச் சட்டையப் போட்டுக்கிட்டுப் போங்க, மாடசாமி அண்ணே."